பெட்டியில் அச்சிட்டிருந்த பகல்

வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வழக்கு, எனக்கு எதிராக நானே சாட்சி சொன்ன வழக்குதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஜெயித்தால் போதும் என்றாகிவிடுகிறது. எந்தப் பக்கம் நின்று ஜெயித்தோம் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வழக்கு இதுதான். என் மனைவியின் அண்ணன், அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறை ஒன்றில் முப்பது வருஷமாக நூலுக்குச் சாயம் போடுகிறவர், கண் கெட்டுப்போனவர் என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு எங்களிடம் இருந்தவை ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பழைய சிடி, ஒரு சவரப் பிளேடு.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ்ஸில் போவேன், மாலையில் பஸ்ஸில் வருவேன், இடையில் கோப்புகள் என்னைக் கடந்து போகும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் பேசுவேன். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சண்டை வந்தால் இரண்டும். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலைகளில் பெரியவர்களுக்கு வானியல் வகுப்பு நடக்கப்போகிறது என்ற நோட்டீஸைப் பார்த்ததும் என் பெயரைக் கொடுத்தது நான் அல்ல, என் மனைவி.

“போயிட்டு வாங்க. வானத்துக்கிட்ட பேசுங்க. அது பதில் சொல்லாது” என்றாள்.

எங்கள் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் ஒரே பொருள் மேகமில்லாத வானம். அதை நாங்கள் குறையாகத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது ஒரு படிப்புக்கு உதவும் என்று அந்த வகுப்பில்தான் தெரிந்தது. ஆசிரியைக்கு என் மகள் வயது. முதல் நாள், வானம் எப்படி இருப்பதாக நினைக்கிறோமோ அதை வரையச் சொன்னாள். மற்றவர்கள் சூரியனை நடுவில் போட்டுச் சுற்றிலும் வட்டம் போட்டார்கள். நான் உண்மையைச் சொல்ல விரும்பினேன். பாடப்புத்தகத்தை மறந்துவிட்டு மொட்டைமாடியில் நிற்கும்போது எனக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி வரைந்தேன்: கவிழ்த்துப் போட்ட சாயத்தொட்டி, அதில் ஆங்காங்கே ஓட்டை.

அவள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரொம்பப் பழைய மாடல் சார். ஆனா கௌரவமான மாடல்” என்றாள். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் பூமியை நடுவில் உட்காரவைத்த பழைய காலத்து வானத்துக்கு வந்தோம். கண்ணாடிக் கூடுகள், ஒன்றுக்குள் ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு கிரகம். எல்லாம் ஒழுங்காகச் சுற்ற வேண்டும். ஆனால் செவ்வாய் மாதிரி ஒன்று போகிற போக்கில் நின்று, கொஞ்ச நாள் பின்னால் நடந்து, மறுபடி முன்னால் போகும். பாலவனத்தம் ரோட்டில் நம் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தும்போது அது பின்னால் போகிற மாதிரி தெரியுமே, அப்படித்தான். நாமும் ஓடுகிறோம் என்று ஒப்புக்கொண்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கு ஒரு சின்னச் சக்கரம் மாட்டிவிட்டார்கள். அதுவும் கணக்கில் உதைத்தபோது இன்னொரு திருத்தம். அதற்கும் மேலே வேறொன்று.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சக்கரக்காரர்கள்மேல் ஒரு பாசம் வந்தது. நடுவில் ஒருவரை உட்காரவைத்தாயிற்று, இனி எழுப்புவது மரியாதை இல்லை. தப்பு வந்தால் பக்கத்தில் ஒரு சக்கரம் சேர். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ‘இணைப்பு’ என்று பெயர். நானே எத்தனையோ சக்கரம் மாட்டியிருக்கிறேன்.

சாயப்பட்டறைக்கு வருகிறேன். அதை நடத்துகிறவர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவரைவிட மூத்தவர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. அங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சாயம் ஏறிய நூலைச் சாம்பிளோடு ஒப்பிடுவதை ‘ஷேடு பார்க்கிறது’ என்பார்கள். அதைக் காலை ஒன்பது மணிக்குமேல், வடக்குப் பக்க முற்றத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மூன்று பேர் பார்க்க வேண்டும். சாயம் போட்டவர் ஒருவர், நெய்கிற பக்கத்திலிருந்து ஒருவர், சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர். மூவரும் “ஒண்ணு” என்று சொன்னால்தான் நூல் தறிக்குப் போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரே மழைக்கு ஏங்கும்போது சாயப்பட்டறை மட்டும் மேகத்தைத் திட்டும். போன ஐப்பசியில் அதிசயமாக ஐந்து நாள் அடைமழை. முற்றத்தில் இருட்டு. ஷேடு பார்க்க முடியாமல் வேலை நின்றது. அக்கா என்னிடம், “நீங்க நாலு புஸ்தகம் படிச்சவுக, ஒரு வழி சொல்லுங்கண்ணே” என்றார்.

இப்படிக் கேட்கப்படுவதற்காகவே நான் அரை நூற்றாண்டு காத்திருந்தேன். வெளிச்சத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். மறுநாள் நானே கடைக்குப் போய் எல்இடி டியூப் நான்கு வாங்கிவந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு மாட்டவும் வைத்தேன். பெட்டியின்மேல் ‘பகல் வெளிச்சம்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அச்சில் இருப்பதை நம்புவது என் தொழில்.

“இனிமே மழை பேஞ்சா என்ன, மேகம் மூடுனா என்ன. பகலு உங்க வீட்டுக்குள்ள” என்றேன்.

மச்சான் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ பசியா இருக்கு மாப்ளே” என்றார்.

“உங்களுக்கா?”

“வெளிச்சத்துக்கு.”

நான் பெருந்தன்மையோடு சிரித்தேன்.

அந்த டியூபுக்கு அடியில் முதலில் பார்த்தது அரக்கு நிறம். மதுரைக் கடை ஒன்றுக்கு அரக்குச் சேலைகள். உடலுக்கு நூல் ஏற்கெனவே தயார். கரைக்கும் முந்திக்கும் புதிதாகச் சாயம் போட வேண்டும். வழக்கமான சிவப்புப் பவுடர் வருவது நின்றுபோயிருந்ததால் மச்சான் வேறு மூன்று பவுடரைக் கலந்து அதே அரக்கைக் கொண்டுவந்தார். நூல்கற்றையைச் சிட்டம் என்பார்கள். டியூபுக்குக் கீழே பழைய சிட்டத்தையும் புதுச் சிட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மச்சான் ரொம்ப நேரம் பார்த்து “ஒண்ணு” என்றார். தறிக்காரர் “ஒண்ணு” என்றார். மூன்றாவது ஆளாக, டீ குடிக்கப் போயிருந்த நான், வேட்டி நுனியில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஒண்ணேதான்” என்றேன். அந்த ‘ஏ’ தேவையில்லாதது.

தை மாதத்தில் சேலைகள் திரும்பி வந்தன. கடைக்குள் ஒரே அரக்கு, வாசலுக்கு வந்தால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். முற்றத்தில் விரித்துப் பார்த்தோம். மறுக்க இடமே இல்லை. உடல் காய்ந்த மிளகாய் மாதிரி அடங்கிக் கிடந்தது. கரை மட்டும் யாரோ திட்டிவிட்ட முகம் மாதிரி சிவந்து நின்றது.

காரணம் தேடினார்கள். தண்ணீரில் உப்பு கூடிவிட்டது என்றார் ஒருவர். அதே தண்ணீரில் போட்ட பச்சை சரியாக இருந்தது. நூல் வேறு மில் என்றார் தறிக்காரர். ஒரே மில். வெயில் பட்டு மாறியிருக்கும் என்றார்கள். கட்டுப் பிரிக்காத சேலையும் அப்படியே இருந்தது. கடைசியில் எல்லாச் சக்கரமும் கழன்றபின், யாரும் சொல்லாமல் எல்லோரும் மச்சானின் கண்ணைப் பார்த்தார்கள்.

அவர் கண் டாக்டரிடம் போனார். டாக்டர், வயதுக்கு மீறிய நல்ல கண் என்று எழுதிக்கொடுத்தார். அதற்கும் ஒரு சக்கரம் இருந்தது. “டாக்டரு எழுத்தப் படிக்கச் சொல்லுவாரு. அரக்கப் படிக்கச் சொல்லுவாரா?” என்றார் தறிக்காரர்.

அக்கா கெட்டவர் இல்லை. மென்மையாகத்தான் சொன்னார். “அண்ணே, நீங்க தொட்டி வேலையப் பாருங்க. ஷேடு பாக்க பாளையம்பட்டியில இருந்து ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வாராரு.”

கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. ஆனால் ஷேடு பார்க்காத சாயக்காரர் தொட்டியில் கோல் விட்டுக் கிண்டுகிறவர், அவ்வளவுதான். அந்த வாரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி கட்டியிருந்த சேலையைப் பார்த்து, “இது மாம்பழக் கலருதானே?” என்று கேட்டார். முப்பது வருஷமாக மற்றவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி அது. என் மனைவி “ஆமாண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், காபி கொண்டுவர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வகுப்புக்குப் போகவே மனசில்லை. வீட்டில் இருக்கவும் முடியாததால் போனேன். பாடம்: ஒளியும் அதன் நிறமாலையும்.

எட்ட முடியாத நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் என்றாள் ஆசிரியை. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறக் கோடுகளை வைத்திருக்கிறது. எரிந்தால் அந்தக் கோடுகளில் ஒளிரும். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மறித்தால் அதே கோடுகளைத் திருடிக்கொள்ளும். சூரியனின் வண்ணப்பட்டையில் அப்படித் திருடுபோன இடங்கள் மெல்லிய கருப்புக் கோடுகளாகத் தெரியும். யார் திருடியது என்பதைக் கோட்டின் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். நட்சத்திரமே கைநாட்டு வைத்து அனுப்புகிற வாக்குமூலம். கோப்புக்காரனான எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று.

ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தாள். ஒரு பக்கம் இரண்டு பிளேடுத் துண்டுகளை நெருக்கி ஒட்டிய கீறல். உள்ளே சாய்த்து வைத்த சிடித் துண்டு. மேலே பார்க்க ஒரு ஓட்டை. “சூரியன நேராப் பாக்கவே கூடாது. வெயில் அடிக்கிற வெள்ளச் சுவரப் பாருங்க, போதும்” என்றாள்.

பார்த்தேன். சிவப்பில் தொடங்கி ஊதா வரை, எங்கேயும் இடைவெளி இல்லாமல் நிறம் வழிந்துகொண்டே போயிற்று. இத்தனை வருஷமாக நான் வெறும் வெயில் என்று திட்டிய பொருள். பிறகு பெட்டியைத் திருப்பி வகுப்பறை டியூபைப் பார்த்தேன். நீலம் ஓங்கி நின்றது. அதற்கும் பச்சைக்கும் நடுவில் இருட்டு. அந்தப் பக்கம் சிவப்பு பாதியிலேயே மங்கி, அடர்ந்த சிவப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“டீச்சர், எனக்கு இந்தப் பக்கம் செவப்பு பாதிக்கு மேல தெரியலையே. என் கண்ணு சரியில்லையா?”

“உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். எல்இடியில அந்த அடர்த்தியான செவப்பு ரொம்பக் கம்மி. அது குடுத்தாத்தானே நீங்க பாக்கறதுக்கு.”

“பெட்டியில பகல் வெளிச்சம்னு போட்டிருக்கே?”

“அது பெட்டி சார்” என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தேர்வு எழுதும் இரண்டு மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு ஐந்தாம் பாடம் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. கேள்வித்தாளில் ஐந்தாம் பாடத்திலிருந்து கேள்வியே வராவிட்டால் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான். பழைய பவுடரும் புதுப் பவுடரும் அந்த அடர்ந்த சிவப்பில் மட்டும் வித்தியாசப்படுகின்றன. நான் மாட்டிய டியூபோ அந்தப் பாடத்தைக் கேட்பதே இல்லை. முற்றத்துக்கு வந்ததும் சூரியன் முழுப் பாடத்திலிருந்தும் கேட்கிறது. இரண்டாவது மாணவன் முழிக்கிறான்.

பசியாக இருக்கிறது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எல்லாக் காரணமும் தேடியபோது நான் மட்டும் நகராமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றித்தான் தண்ணீரும் நூலும் வெயிலும் கடைசியில் ஒரு மனிதரின் கண்ணும் சக்கரமாகச் சுற்றியிருக்கின்றன. வெட்கம் ஒரு பத்து நிமிஷம் இருந்தது. அதற்குமேல் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு பெருமகிழ்ச்சி வந்தது. மச்சானின் கண் தப்பித்துவிட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குப் பட்டறையில் பெட்டியோடு நின்றேன். பாளையம்பட்டிக்காரர் வந்திருந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். மச்சான் தொட்டிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

“அக்கா, தப்பு பண்ணது நான்” என்று ஆரம்பித்தேன்.

“அது தெரிஞ்ச கதைதானே. எந்தத் தப்பு?” என்றார் அக்கா.

சொன்னேன். தறிக்காரர் பெட்டியை வாங்கி டியூபைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி டியூபைப் பார்த்தார். “ஏதோ வானவில்லு தெரியுது. இத வச்சு அரக்கத் தீர்க்கச் சொல்றாரு” என்றார்.

“பெட்டிய நம்ப வேணாம். ஏற்கெனவே ஒரு பெட்டிய நம்பித்தான் இந்தக் கதி. சோதிச்சுப் பாருங்க” என்றேன்.

அக்கா இரண்டு சிட்டங்களை எடுத்துவந்தார். பழைய நூலில் ஒன்று, புது நூலில் ஒன்று. டியூபுக்கு அடியில் பாளையம்பட்டிக்காரரிடம் நீட்டினார். அவர் பிரித்து, முறுக்கி, விரலில் சுற்றி, நிதானமாகப் பார்த்தார். “ஒண்ணுதான்க்கா. ஒரே தொட்டி” என்றார்.

“வெளிய வாங்க.”

முற்றத்தில் நான்கு எட்டு வைத்ததும் அவர் நின்றுவிட்டார். கையில் இருந்ததை ஒருமுறை உதறிப் பார்த்தார். உள்ளே போனார், வந்தார். மறுபடி போனார், வந்தார். மூன்றாவது முறை வந்தபோது மச்சானைப் பார்த்து, “அண்ணே, எனக்கும் கண்ணு போச்சு” என்றார்.

முதலில் சிரித்தது அக்காதான்.

ஆனால் அவர் வியாபாரம் செய்கிறவர். டியூபின் குற்றம் நிரூபணமானால் மச்சானின் கண் நிரூபணமாகிவிடாது என்பது அவருக்குத் தெரியும். உள்ளே போய்ப் பத்துச் சிட்டங்களைக் கலந்து எடுத்துவந்தார். புது நூலில் மட்டும் உள்மடிப்பில் அவர் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். வடக்குச் சுவர் ஓரம் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினார்.

“அண்ணே, பிரிங்க.”

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முதல் சிட்டத்தை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் வைத்தார். இரண்டாவது வலது. மூன்றாவதிலிருந்து திருப்பிப் பார்க்கவில்லை. அதற்குப்பின் சீட்டாட்டத்தில் நல்ல கை விழுந்தவர் மாதிரி போட்டுக்கொண்டே போனார். ஒன்பது முடிந்தது. பத்தாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன, சந்தேகமா?” என்றார் தறிக்காரர்.

“சந்தேகம் இல்லப்பா. இது ரெண்டு பக்கமும் சேராது. பவுடரு பழசுதான், ஆனா ரொம்ப நாளு வெயிலு தின்ன நூலு. கொடியில மறந்து போட்டிருப்பீக, இல்ல சன்னல்ல கெடந்திருக்கும்.”

அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, “சன்னல்லதான்ண்ணே. இந்த நூல வச்சுப் பழைய பேப்பரக் கட்டிப் போட்டிருந்தேன். உங்கள மாட்டிவிடத்தான் அதையும் சேத்தேன்” என்றார். மற்ற ஒன்பதையும் பிரித்து முடிச்சுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. தறிக்காரர் குனிந்து தானும் ஒருமுறை எல்லா முடிச்சையும் எண்ணினார். பிறகு மச்சானின் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மடித்து, மறுபடி தோளில் போட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

டியூபுகள் தொட்டிப் பக்கத்துக்கு மாறின, வழுக்கி விழாமல் நடப்பதற்கு. திரும்பி வந்த சேலைகளுக்கு அக்கா ‘ரெண்டு அரக்கு’ என்று பெயர் வைத்து, வாசலில் விரித்துக் காட்டியே விற்றார். மச்சான் பவுடர்களை மாற்றிக் கலந்து நான்கு காலைகள் முற்றத்தில் பார்த்து, ஐந்தாவது நாள் கரை நூலின் நிறத்தை உடலோடு சேர்த்துவிட்டார். மதுரைக் கடைக்காரர் இந்த முறை வாசலில் வைத்தே கட்டைப் பிரித்தாராம். அடுத்த கட்டும் இவர்களிடமே கேட்டார்.

அந்த ஐந்தாவது நாள் நானும் போயிருந்தேன். வேலை முடிந்ததும் மச்சான் என்னிடம், “அந்தப் பெட்டியக் குடு மாப்ளே” என்றார். வெயில் விழுந்த சுவரைப் பார்த்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் கருப்புக் கோடுகளைப் பற்றி, சூரியனின் வாக்குமூலத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“செவப்பு இருக்கு. மஞ்ச இருக்கு. பச்ச, நீலம், அந்தக் கடைசியில ஊதா. அரக்கு எங்க இருக்கு?”

“இருக்காது மச்சான். அது இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் கலந்து, கொஞ்சம் இருட்டையும் சேத்தாத்தான் வரும்.”

“தனியா இல்லையா?”

“இல்ல.”

“எந்த நட்சத்திரத்துலயும்?”

ஆசிரியையை ஒருமுறை மனசில் கேட்டுக்கொண்டு, “எந்த நட்சத்திரத்துலயும் இல்ல” என்றேன்.

அவர் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுத்தார். கொடியில் புது அரக்கு காய்ந்துகொண்டிருந்தது. அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இது நாம செஞ்சது” என்றார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனார்.